ஊர்ப்பணமும் ஒரு திருத்திய ரிட்டர்னும்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், நாஷ்டா துன்னுக்கினே இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன போன்லயே போட்டு முடிச்சிட்டேன். இட்லி கூட ஆறல" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் காலம் போல் வருமா என்று பெருமூச்சு விடுகிற ஆள் நான் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு ஃபாரம் வாங்க பாசஞ்சர் வண்டியில் தொங்கிக்கொண்டு மெட்ராஸ் போய், ஸ்டாக் இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வருவோம். யாருக்கு வேண்டும் அது?

"அது சரி மேடம், நீங்க ஒருத்தருக்காக இன்கம்டாக்ஸ் ஆபீசையே மீன் நாத்தம் அடிக்க வெச்சீங்களாமே. அத எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடறோம்" என்று கேட்டாள்.

மீன் இல்லை, இறால். அதைத் திருத்துவதற்காகவே எழுத உட்கார்ந்தேன். தற்பெருமையாகத் தெரிந்தால் தெரியட்டும். செய்தவளே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

நான் ஆரம்பாக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். மிஷன் பள்ளிக்கூடம், எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் லோயர், ஹையர், பிறகு கணக்கு வைப்பதில் ஒரு பரீட்சை. அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். இப்போதிருக்கும் தொழிற்பேட்டை அப்போது கிடையாது. எங்கள் சூளையின் புகைபோக்கி, சுற்றி நெல் வயல், தூரத்தில் ரயில், அவ்வளவுதான். ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டும் வரை மேனேஜரைத் தூங்க விடவில்லை. அது தனிக் கதை, அதிலும் நான்தான் ஜெயித்தேன்.

என் மேலதிகாரி வரதராஜன் சார், தலைமைக் கணக்கர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் எழுதிய காகிதத்தில் தப்பு இருந்தால், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். காகிதத்தை நம் பக்கம் தள்ளிவிட்டு மூக்குப்பொடி டப்பாவைத் திறப்பார். என்ன தப்பு என்று வாய் திறக்க மாட்டார். அவர் பொடி போட்டு, தும்மி, கைக்குட்டையை மடித்து வைப்பதற்குள் நாமே கண்டுபிடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் இரண்டாவது புள்ளி. மூன்றாவது புள்ளி யாருக்கும் வைத்ததில்லை, அதற்குள் ஆள் அழுதுவிடும். நான் அழவில்லை. ஒருநாள் அவர் வைத்த புள்ளியே தப்பான இடத்தில் இருந்தது. நான் பென்சிலை எடுத்து அவர் புள்ளிக்குப் பக்கத்தில் என் புள்ளி ஒன்றை வைத்து அவர் பக்கம் தள்ளினேன். மனுஷர் மூக்குக்குக் கொண்டுபோன பொடியோடு அப்படியே நின்றுவிட்டார். சாயங்காலம் இன்கம்டாக்ஸ் ஃபைலை என் மேஜையில் வைத்து, "இனிமே நீ பாரு" என்று மட்டும் சொன்னார்.

அப்போது எங்கள் ஆட்களுக்கு இன்கம்டாக்ஸ் என்றாலே பயம். ரிட்டர்ன் போட்டால் வீட்டுக்கு ஆள் வந்து பானைக்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள் என்று நினைத்தார்கள். ஒரு வருஷம் பெரிய சூளையைப் பிரித்துக் கட்டினார்கள். சூளைக்காரர்கள் பல மாதம் ஓவர்டைம் செய்தார்கள். அந்தக் கணக்கில் கம்பெனி மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடித்தது. கடைசி மாதங்களில் வேலை குறைந்துவிட்டது. மொத்த வருமானத்தைக் கூட்டிப் பார்த்தால் பிடித்த வரி அதிகம். அதிகமாகப் பிடித்தது தானாகத் திரும்பி வராது, நாம்தான் ரிட்டர்ன் போட்டுக் கேட்க வேண்டும். ஆகவே கேன்டீனில் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஒரு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அடிப்படை இன்றைக்கும் அதேதான், ஆகவே புதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். முதலில், எந்த வருஷத்து வருமானம் என்று பார்க்க வேண்டும். ஏப்ரலில் தொடங்கி அடுத்த மார்ச்சில் முடிவது சம்பாதித்த வருஷம். அதற்கு அடுத்தது வரி கணக்கிடுகிற வருஷம். ஃபாரத்தின் தலையில் இரண்டாவதைத்தான் எழுத வேண்டும், எல்லாரும் முதலாவதை எழுதித் தொலைப்பார்கள். அடுத்து, போடுகிறவர் தனி ஆளா, கூட்டுக் குடும்பமா, வேறு கூட்டமா என்று ஒரு கட்டம். பிறகு சம்பளம், வாடகை, வட்டி என்று வருமானத்தை வகை பிரித்து அதனதன் இடத்தில் எழுத வேண்டும். பிராவிடண்ட் ஃபண்ட், இன்ஷூரன்ஸ் கட்டியதைக் கழிக்க வேண்டும். மிச்சத்துக்கு வரி எவ்வளவு, கம்பெனி ஏற்கனவே பிடித்தது எவ்வளவு, கட்ட வேண்டியதா, திரும்பி வர வேண்டியதா? கம்பெனி கொடுத்த சம்பளச் சான்றிதழைப் பின்னால் குத்த வேண்டும். கடைசியில் உறுதிமொழி. இதில் எழுதியிருப்பது எனக்குத் தெரிந்தவரை சரியானது, முழுமையானது என்று கையெழுத்துப் போட வேண்டும். ஃபாரம் இங்கிலீஷில் இருக்கும். நான் ஒவ்வொருவருக்கும் அந்த உறுதிமொழியைத் தமிழில் வாய்விட்டுச் சொல்வேன். "எதையாவது விட்டுட்டு இதுல கையெழுத்துப் போட்டா அது பொய்க் கையெழுத்து, தெரியுதா?" என்று மிரட்டவும் செய்வேன்.

அந்த மேஜைக்கு வந்தவர்களில் கன்னியப்பன் அண்ணன் ஒருவர். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்காரர். பரம்பரையாக மீன் பிடிக்கிற குடும்பம். இவர் ஒருவர்தான் சூளை வேலைக்கு வந்தவர், தம்பிகள் இருவரும் ஏரியில்தான். உருகிய இரும்பை அநாயாசமாக வார்க்கிற மனிதர், என் ஃபாரத்தை இரண்டு விரலால் நுனியில் பிடித்தார். சம்பளம், கழிவு, திரும்பி வர வேண்டிய தொகை எல்லாம் நானே எழுதிக் கொடுத்தேன். "நல்ல நாள் பாத்துக் கையெழுத்துப் போட்டு நானே தபால்ல சேத்துடறேம்மா" என்று வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அதற்குப் பிறகு அவர் ஞாபகமே இல்லை.

அடுத்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து கரி முகத்தோடு வந்து நின்றார்.

"அம்மா, இன்னாமோ காயிதம் வந்துகீது. தபால்காரன் கையெழுத்து வாங்கிக்கினுதான் குடுத்தான். காசு வந்துகீதுன்னு நெனச்சி ஊட்ல எல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தோம்."

காசு இல்லை, நோட்டீஸ். நீங்கள் காட்டியிருக்கும் 'மற்ற வருமானம்' எங்கிருந்து வந்தது, ஆதாரத்தோடு திருவள்ளூர் முகாமுக்கு நேரில் வந்து விளக்கம் கொடுங்கள் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு தொகை. அந்தத் தொகைக்கு எங்கள் கேன்டீனையே வாங்கலாம். நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தது எனக்கு நன்றாகத் தெரியும்.

"இது என்ன பணம்ண்ணே?"

"ஊர்ப்பணம்மா. இறா வியாபாரி சீசனுக்கு முன்பணம் குடுத்தான்ல, அது. செக்கா குடுத்தான். குப்பத்துல எனக்கு மட்டுந்தான் பேங்குல கணக்கு கீது, அதனால என் பேர்ல போட்டு வெச்சாங்க. பாதி ஊடு ஊடா பிரிச்சிக் குடுத்தாச்சி. மீதி நைலான் வல வாங்க வெச்சிகீது."

"அதை ஏன்ண்ணே உங்க ஃபாரத்துல எழுதுனீங்க?"

"நீங்கதானேம்மா சொன்னீங்க, எதையாச்சும் வுட்டுட்டுக் கையெழுத்துப் போட்டா பொய்க் கையெழுத்துன்னு. எங்க குப்பத்துல ஊர்ப்பணம் எவன் கையில கீதோ அவன்தான் கூட்டத்துல மொதல்ல எந்திரிச்சி, என் கையில இவ்ளோ கீதுன்னு சொல்லணும். கேட்டதுக்கு அப்பால சொன்னா திருட்டு. அதான் கவருமெண்டு கேக்கறதுக்கு முன்னாடியே, எங்க குப்பத்துப் பள்ளிக்கூட வாத்தியாரு கையில குடுத்து எழுதிட்டேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரெல்லாம் சொந்தப் பணத்தை ஒளிக்க வழி தேடுகிறது. இந்த மனிதர் அடுத்தவர் பணத்தைத் தன் வருமானம் என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்! அந்தக் குப்பத்து ஆளைத் தவிர வேறு யாராலும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. குப்பத்தில் தேசப்பன் என்று ஒருவர், இவருக்கும் அவருக்கும் நெடுநாள் பகை. நோட்டீஸை வாத்தியார் படித்துச் சொன்னதும் அவர் கிளப்பிவிட்டார், ஊர்ப்பணத்தைத் தன் வருமானம் என்று அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டான் என்று.

"ஆவணி பொறந்தா பாடு சீட்டுப் போடுவாங்கம்மா. விசாரிப்பு முடியற வரைக்கும் என் ஊட்டுப் பேரு சீட்டுல இருக்கக் கூடாதுன்றான். ஊருல பாதிப் பேரு அவன் பக்கம். என் தம்பிங்க ரெண்டு பேரும் புள்ளகுட்டிய வெச்சிக்கினு இன்னாத்த துன்னுவாங்க?"

பாடு என்றால் ஏரியில் மீன் நன்றாகப் படுகிற இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று முடிவு செய்வார்கள். சீட்டில் பெயர் இல்லாத வீடு அந்த வருஷம் அந்த இடங்களில் வலை இறக்க முடியாது. பாடு போவது சோறு போவது. அதோடு, நம்பக்கூடாதவன் என்று ஊரே முத்திரை குத்தியது போல.

வரதராஜன் சாரிடம் நோட்டீஸை வைத்தேன். முழுசாகப் படித்தார். பென்சிலை எடுத்து அந்தத் தொகைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"இது யாருடைய வருமானம்?"

"ஊருடையது சார்."

"அப்போ ஊர்தான் வந்து சொல்லணும். ஆர்டர் கையெழுத்தாறதுக்குள்ள ரிட்டர்னைத் திருத்து. கையெழுத்தாயிடுத்துன்னா அப்பீல்தான். அப்பீல்னா அவன் தம்பிகளுக்குப் பேரன் பொறந்துடுவான்."

சட்டத்தில் அதற்கு வழி இருந்தது. தெரியாமல் தப்பாக எழுதியதை, ஆபீஸர் கணக்கை முடித்து உத்தரவு போடுவதற்கு முன்பு திருத்திய ரிட்டர்ன் கொடுத்துச் சரிசெய்யலாம். புதிய ஃபாரம் ஒன்றை எடுத்தேன். தலையில் 'திருத்தியது' என்று எழுதினேன். சம்பளம் அப்படியே, மற்ற வருமானம் இல்லை. கூடவே ஒரு கடிதம்: என் பெயரில் வங்கியில் இருக்கும் இந்தப் பணம் எங்கள் குப்பத்துக் குடும்பங்களுக்குச் சொந்தமானது, நான் அதைக் காவல் காக்கிறவன் மட்டுமே, அறியாமல் என் வருமானத்தில் சேர்த்து எழுதிவிட்டேன். பாஸ்புக்கின் பக்கங்களைக் கையால் பிரதி எடுத்துச் சேர்த்தேன். கன்னியப்பன் அண்ணன் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அதை எடுத்துக்கொண்டு நானே மெட்ராஸ் ஆபீசுக்குப் போனேன். தபால் வாங்கும் ஜன்னலில் இருந்தவர், "விசாரணைக்குத் தேதி போட்டாச்சே, அன்னிக்கு ஆபீஸர் கையில குடுங்க" என்று ஃபாரத்தை வெளியே தள்ளினார். நான் உள்ளே தள்ளினேன். அவர் மறுபடி வெளியே தள்ளினார். "சார், என் பிரதியில இன்னைக்குத் தேதி போட்ட சீல் விழற வரைக்கும் இந்த ஜன்னல விட்டு நகர மாட்டேன். பின்னால நிக்கறவங்க உங்களைத்தான் திட்டுவாங்க" என்றேன். பின்னால் நின்றவர்கள் திட்டவும் ஆரம்பித்தார்கள். சீல் விழுந்தது. இன்றைக்கும் புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கொடுத்தால் போதாது, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்க வேண்டும்.

அடுத்து ஆதாரம். இறால் வியாபாரியைத் தேடிப் போனேன். இது ஊருக்குக் கொடுத்த முன்பணம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றேன். மனுஷருக்கு இன்கம்டாக்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் வியர்த்துவிட்டது. "பேஜாரு வாணாம்மா. என் பேர இழுக்காதே" என்று கடையின் பலகைக் கதவைப் போட ஆரம்பித்துவிட்டார். குப்பத்திலோ கணக்கு எழுதும் வழக்கமே இல்லை. வரவும் செலவும் பங்கும் கூட்டத்தில் வாயால் சொல்வார்கள், எல்லார் காதிலும் விழும், அதுதான் கணக்கு.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கே போனேன். ஊர்த்தலைவர் முனுசாமி சாட்சி சொல்ல உடனே வருகிறேன் என்றார். கணவன் இல்லாமல் தன் வீட்டுப் பாட்டைத் தானே நடத்தும் எல்லம்மாவும் வருகிறேன் என்றாள். கன்னியப்பன் அண்ணனின் தம்பிகளும் புறப்பட்டார்கள். "நீங்க வேணாம், தம்பி சொன்னா யாரு நம்புவாங்க?" என்று நிறுத்திவிட்டு, நேரே தேசப்பன் வீட்டுக்குப் போனேன். கன்னியப்பன் அண்ணன் என் புடவைத் தலைப்பைப் பிடிக்காத குறைதான்.

தேசப்பன் வலை தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்களும் விசாரணைக்குத் திருவள்ளூருக்கு வரணும்" என்றேன்.

"நானா? அவனுக்கு நான் எதுக்கு சாட்சி சொல்லணும்?"

"அவருக்குச் சொல்ல வேணாம். அந்தப் பணம் யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க."

"ஊரோடது! அதுல இன்னா சந்தேகம்?"

"அதை அங்க வந்து சொல்லுங்க."

"வந்தா அவனப் பத்தி இன்னும் நெறைய சொல்லுவேன்."

"தாராளமாச் சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

திரும்பி வரும்போது கன்னியப்பன் அண்ணன், "என்னக் குழி தோண்டிப் பொதைக்கறதுக்கு ஆள் இட்டுக்கினு வரீங்களேம்மா" என்று புலம்பினார். வரதராஜன் சாரிடம் சொன்னபோது அவரும் பொடி டப்பாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆனால் புள்ளி வைக்கவில்லை.

விசாரணை ஆடி வெள்ளியன்று. ஆபீஸர் திருவள்ளூரில் முகாம் போட்டிருந்தார். கவரைப்பேட்டை வழியாக நானும் கன்னியப்பன் அண்ணனும் விடியற்காலை பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டோம். குப்பத்து ஆட்கள் ஐஸ் லாரியில் வருவதாக ஏற்பாடு. வியாபாரியின் லாரிதான், டிரைவர் குப்பத்து மாப்பிள்ளை என்பதால் முதலாளிக்குத் தெரியாமல் நடந்த ஏற்பாடு. ஆடி வெள்ளியில் பெரியபாளையம் வழியாக லாரி வருவது என்றால் என்ன என்பதை நான் யோசிக்கவே இல்லை. பவானி அம்மன் கோயிலுக்கு வண்டி வண்டியாக வருகிற கூட்டத்தில் லாரி எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆபீஸர் ஒல்லியான மனிதர். பேசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். மேஜை மேல் உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நீங்க யாரு? வக்கீலா, ஆடிட்டரா?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டும் இல்ல சார். இவருக்குச் சம்பளக் கணக்கு போடறவ."

"இவரே வருமானம்னு காட்டி, உண்மைன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். நான் இதுல என்ன விசாரிக்க?"

நான் சீல் விழுந்த பிரதியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "திருத்திக் குடுத்தாச்சு சார். நீங்க இன்னும் கையெழுத்துப் போடல."

அவர் பையிலிருந்த காகிதங்களைப் புரட்டி, மெட்ராஸிலிருந்து வந்த திருத்திய ரிட்டர்னை எடுத்தார். தேதியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். "திருத்தலாம், சட்டம் இருக்கு. ஆனா திருத்தினது உண்மைன்னு நான் நம்பணுமே. எந்த மனுஷனாவது அடுத்தவன் பணத்தைத் தன் ரிட்டர்ன்ல எழுதுவானா?"

நான் குப்பத்து வழக்கத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "கணக்கு ஏடு?" என்றார். "ஏடு இல்ல சார், ஊர் இருக்கு. வந்துக்கிட்டு இருக்கு" என்றேன். "முகாம் இன்னியோட முடியறது. சாயங்காலம் நான் மெட்ராஸ் கிளம்பணும்" என்று பேனாவைத் திறந்தார். நான் பாஸ்புக்கை நீட்டினேன். பணம் உள்ளே வந்த நாள், வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க எடுத்த நாள், அதன்பின் அவர் சம்பளப் பணத்தைத் தவிர வேறெதுவும் எடுக்கப்படாதது என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தேன். வேண்டுமென்றே மெதுவாகத்தான் வாசித்தேன். கன்னியப்பன் அண்ணன் கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வெளியே பெரிய ஹாரன் சத்தம். ஆள் வருவதற்கு முன்னால் இறால் வாடை உள்ளே வந்தது. ஆபீஸர் கண்ணாடியைத் துடைக்க எடுத்த கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார். தலைவர் முனுசாமி, எல்லம்மா, தேசப்பன், இன்னும் ஏழெட்டுப் பேர், நெற்றி நிறைய மஞ்சளும் கையில் வேப்பிலையுமாக நின்றார்கள். லாரி நகராத நேரத்தில் இறங்கி அம்மனைப் பார்த்துவிட்டே வந்திருக்கிறார்கள்! அந்த ஆபீஸ் பியூன் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடியதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆபீஸர் கெட்டிக்காரர். எல்லாரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எங்களை ஓரமாக உட்கார வைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்றார். தலைவரைக் கேட்டார், பணம் எப்போது வந்தது, எவ்வளவு, எதற்கு என்று. எல்லம்மாவையும் அதையே கேட்டார். "என் பங்கு வாங்கிக்கினேன் சாரே. மீதி வலைக்கு. எனுக்கும் சேத்துதான் வல" என்று அவள் சொன்னாள். எல்லார் வாயிலும் ஒரே தொகை, ஒரே நாள். பாஸ்புக்கோடு ஒத்துப்போனது. ஆனால் ஆபீஸர் முகம் தெளியவில்லை. "நல்லாச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாகத் தேசப்பன். உள்ளே வந்ததும் கன்னியப்பன் அண்ணனை முறைத்தார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்றார் ஆபீஸர்.

"ஒண்ணும் வாணாம். இவன் மூஞ்சியப் பாத்தாலே எனுக்குப் புடிக்காது."

ஆபீஸர் கண்ணாடியைத் துடைக்காமலே மாட்டிக்கொண்டார். "அந்தப் பணத்துல இவர் எதாவது எடுத்துக்கிட்டாரா?"

"எடுத்துக்கினான் சாரே! பேங்குக்குப் போற ஒவ்வொரு தபாவும் பஸ் சார்ஜு எடுத்துக்கினான். போற நாளெல்லாம் ஒரு கூட இறா எடுத்துக்கினான். ஊரு குடுத்துச்சின்னு சொல்லுவான். நான் வாணாம்னுதான் சொன்னேன். எழுதிக்குங்க!"

கன்னியப்பன் அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார்.

"பஸ் சார்ஜும் இறாலும் இருக்கட்டும். அந்தப் பெரிய பணம்?"

தேசப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. மேஜையைத் தட்டினார். "அதத் தொடுவானா? அது இன்னா இவன் அப்பன் ஊட்டுப் பணமா? ஊரு டப்பு சாரே! ஒத்தப் பைசா தொட்டிருந்தா நான் இவன உசுரோட வுட்டிருப்பனா? என்னக் கேளுங்க, ஒவ்வொரு கூட்டத்துலயும் நான்தான் இவன் கிட்டக் கணக்குக் கேக்கறவன். இவன் வருமானம்னு எவன் சொன்னான்? நீங்களா சொன்னீங்க?"

ஆபீஸர் சிரித்தார். முதலில் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த ஆளைச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வர முடியாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். டைப் அடித்து வைத்திருந்த உத்தரவைக் குறுக்கே கிழித்தார். பாஸ்புக்கிலிருந்து செக்கின் எண்ணைக் குறித்துக்கொண்டு, வியாபாரியின் கணக்கைத் தானே வரவழைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கன்னியப்பன் அண்ணன், "அந்த இறாவ எந்தக் கட்டத்துல எழுதணும் சார்?" என்று பவ்யமாகக் கேட்டார். நான் அவர் காலை மிதித்தேன்.

ஆடி முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. வியாபாரியின் கணக்கிலும் ஊர் முன்பணம் என்றே எழுதியிருந்ததாம், பயப்பட அந்த ஆளுக்கு ஒன்றுமே இல்லை. வங்கியில் உள்ள தொகை குப்பத்துக் குடும்பங்களுக்குப் பொதுவானது, இவருடைய வருமானம் அன்று என்று தெளிவாக எழுதி, அதிகமாகப் பிடித்த வரியைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அன்று என் மேஜையைச் சுற்றிச் சூளைக்காரர்கள் போட்ட கூச்சலில் மேனேஜர் வெளியே வந்து பார்த்தார். வரதராஜன் சார் உத்தரவை இரண்டு தடவை படித்தார். எந்தப் புள்ளியும் வைக்காமல் என்னிடம் நீட்டி, "இதை ஃபிரேம் போட்டு மாட்டு" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அது ஒரு தடவைதான். எனக்கு அது போதும்.

பாடு சீட்டு அன்று என்னையும் கூப்பிட்டார்கள். குப்பத்துக் கோயில் முன்னால் எல்லாரும் கூடியிருந்தார்கள். வாத்தியார் உத்தரவை வரி வரியாகத் தமிழில் சொன்னார். இவருடைய வருமானம் அன்று என்ற இடம் வந்ததும் கன்னியப்பன் அண்ணன் எல்லார் முன்னாலும் விம்மி அழுதார். தலைவர் சீட்டுகளைப் பானையில் போட்டுக் குலுக்கினார். கன்னியப்பன் வீட்டுப் பெயரும் உள்ளே விழுந்தது. நல்ல இடமாகவே வந்தது. தம்பிகள் இருவரும் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

பிறகு தலைவர் கையை உயர்த்தினார். இந்த வருஷத்து முன்பணமும் வரப்போகிறது, யார் பெயரில் போடுவது என்று கேட்டார். ஊரின் பெயரிலேயே தனிக் கணக்கு ஆரம்பியுங்கள் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அதற்குச் சங்கம் பதிவு செய்ய வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள், அது நாள் பிடிக்கும். எல்லாரும் தேசப்பனைப் பார்த்தார்கள்.

தேசப்பன் எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். கன்னியப்பன் அண்ணனை வழக்கம் போல முறைத்தார்.

"இவன் பேர்லயே இருக்கட்டும்" என்றார்.

கன்னியப்பன் அண்ணன் பதறிப்போய் என் பக்கம் திரும்பி, "அம்மா, இன்னாம்மா செய்யறது?" என்றார்.

"வாங்கிக்கங்கண்ணே. ஃபாரத்துல மட்டும் எழுதாதீங்க" என்றேன். குப்பமே சிரித்தது. தேசப்பனும் சிரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.